ஆழம் அறியாமல் காலை விடலாமா?

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. குளத்தில் இறங்கத் துடிக்கும் சிறுவனுக்குச் சொன்ன புத்தி அது. சிறுவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டார்கள். கேளாமற் போனவர்கள் பெரிய பெரிய சேனாதிபதிகள்! இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் நடந்த போர்களைப் படித்துப் பார்த்தால், கடலிலிருந்து கரையில் இறங்கிய படைகள் பகைவனின் குண்டுக்கு அஞ்சிய அளவு காலடியில் இருந்த சேற்றுக்கு அஞ்சவில்லை என்பதும், அதற்குக் கொடுத்த விலை பெரிது என்பதும் விளங்கும். போர் முடிந்த பிறகும் அந்தப் பாடத்தை நாம் சரியாகப் படிக்கவில்லை என்பதே என் வருத்தம். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

படை இறங்கும் கரைக்கென்று தனிப் படம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். நிலத்துக்குத் தேசப்படம் இருக்கிறது, கடலுக்கு மாலுமிப் படம் இருக்கிறது, போதாதா? போதாது. நிலத்தை அளப்பவர் உயர் வெள்ளக் கோடு வரை வந்து, சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார். கடலை அளப்பவரோ கப்பலின் அடி தட்டாத ஆழத்தோடு நின்றுவிடுகிறார். இரண்டுக்கும் நடுவே, அலை புரளுகிற, வெள்ளம் ஏறி வற்றுகிற ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அது இருவர் கணக்கிலும் சேராத பிள்ளை. படகிலிருந்து குதிக்கும் சிப்பாய்க்கு உயிரும் சாவும் அந்தத் துண்டு நிலத்தில்தான். அங்கே மணலா, சேறா? சரிவு எவ்வளவு? மணல்திட்டுக்குப் பின்னால் மறைந்த பள்ளம் உண்டா? வெள்ளம் எத்தனை மணிக்கு ஏறும்? இவற்றையெல்லாம் சொல்லும் படமே இறங்குகரைப் படம்.

இப்படங்கள் உச்சத்தை எட்டியது 1944 ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டிக் கரையில் நேச நாடுகள் இறங்கியபோது. அந்தப் படங்களை ஆக்கிய விதம் எந்த விஞ்ஞான மாணவனுக்கும் விருந்து. 1942-லேயே பிரிட்டிஷ் வானொலி பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது: விடுமுறைக்கு ஐரோப்பியக் கடற்கரைகளுக்குப் போனபோது எடுத்த புகைப்படங்களையும் வாங்கிய அஞ்சல் அட்டைகளையும் அனுப்புங்கள் என்று. இலட்சக்கணக்கில் வந்து குவிந்தன. பாட்டி குடைபிடித்து நிற்கும் படத்தில், அவளுக்குப் பின்னால் தெரியும் கடற்சுவரின் உயரத்தை அளந்தார்கள்!

பெர்னால் என்னும் பௌதிக அறிஞர் பழைய ஏடுகளைப் புரட்டி, நார்மண்டிக் கரையில் மணலுக்கு அடியில் பழைய சதுப்பின் மக்கிய அடுக்குகள் இருப்பதைக் கண்டு எச்சரித்தார். மேலே மணல், கீழே களி. டாங்கி ஏறினால் புதையும். ஐயத்தைத் தீர்க்க 1943 டிசம்பர் 31-ஆம் நாள் இரவில், ஸ்காட்-பௌடன், ஆக்டன்-ஸ்மித் என்ற இரு வீரர்கள் நீந்திக் கரையேறி, ஜெர்மன் காவலர்களின் மூக்குக்கு அடியில் தோண்டுகுழாயால் மண் எடுத்துத் திரும்பினார்கள். நாம் பெருமைப்படும் ஜி. என். ராமச்சந்திரன், கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவை ஆராயப் புகுந்தது, 1952-ல் சென்னைக்கு வந்திருந்த இதே பெர்னாலின் தூண்டுதலால்தான் என்பதை இங்கே நினைவூட்டலாம். லிவர்பூல் பக்கத்தில் டூட்சன் என்பவர் பித்தளைச் சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட ஓர் எந்திரத்தைச் சுழற்றி, பெயர் சொல்லப்படாத ஏதோ ஒரு கரையின் வெள்ள நேரங்களைக் கணித்துக் கொடுத்தார். எந்தக் கரை என்பது மறைபொருள். கணக்குக்கு வேண்டிய எண்கள் மட்டுமே அவர் கைக்கு வந்தன.

இன்னும் ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. பகைவன் கையிலுள்ள கரையின் ஆழத்தை எப்படி அளப்பது? ஆகாய விமானத்திலிருந்து, இடைவெளி நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்தடுத்துப் படம் எடுத்தார்கள். ஆழமில்லாத நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் ஆழம் கிடைத்துவிடும். ஓர் அலைமுகடு நொடிக்கு 6.3 மீட்டர் நகர்ந்தால் அங்கே 4 மீட்டர் ஆழம், 3.1 மீட்டர் நகர்ந்தால் ஆழம் 1 மீட்டர். நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடக்கும் சூத்திரம் ஆயிரம் உயிர்களைக் காத்தது. இந்தச் சூத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரப்போகிறது.

இத்தனை உழைப்பு இல்லாத இடத்தில் நடந்தது என்ன? 1943 நவம்பரில், பசிபிக் கடலின் தராவா தீவில் அமெரிக்கர் இறங்கினார்கள். அங்கே நெடுங்காலம் வாழ்ந்த ஹாலந்து என்பவர், அந்த நாட்களில் பவளப்பாரின் மேல் படகு மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறாது என்று எச்சரித்தார். கணக்கு வேறு சொல்லிற்று; கணக்கையே நம்பினார்கள். படகுகள் பாரில் தட்டி நின்றன. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கான கெஜம் தண்ணீரில் நடந்தே குண்டுமழைக்குள் போனார்கள். மூன்று நாள் போரில் அமெரிக்கர் மட்டும் ஆயிரம் பேர் அளவில் மாண்டார்கள். அங்கே வாழ்ந்தவன் சொன்ன சொல் அவைக்கு ஏறவில்லை!

இது வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம்மவர் கதை இதைவிட நெருங்கியது.

1914 நவம்பர் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து சுமார் 8,000 பேர் கொண்ட படை கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் இறக்கப்பட்டது. அதில் நம் பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63-வது காலாட்படையும் இருந்தது. இறங்கிய இடத்தை முன்கூட்டி ஆராய்ந்தவர் எவருமில்லை. அலையாத்திச் சதுப்பிலும் புதரிலும் தட்டுத் தடுமாறி, நெடுங்கப்பற் பயணத்தால் சோர்ந்த மனிதர்கள், எட்டில் ஒரு பங்காயிருந்த ஜெர்மானியப் படையிடம் தோற்றுத் திரும்பினார்கள். 360 பேர் அளவில் மாண்டனர். பழி பாளையங்கோட்டைச் சிப்பாய்களின் தலையில் விழுந்தது. கரையை அறியாமல் அனுப்பியவர்களைப் பற்றிய பேச்சு அவ்வளவாக இல்லை.

சரி, நாம் இருக்கும் இந்தப் பூனாவுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? நம் கேம்ப் பகுதி பட்டாளத்துக்காகவே பிறந்த ஊர். பட்டாளத்தைத் தொடர்ந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இங்கே உண்டு. இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கடக்வாஸ்லா ஏரி. இரண்டாம் உலகப் போரில், கடலே எட்டிப் பாராத இந்த ஏரிக்கரையில்தான், கடலிலிருந்து கரையில் இறங்கும் வித்தை கற்பிக்கப்பட்டது. "ஆங்கோஸ்துரா" என்ற பெயரில் ஒரு போலிக் கப்பலையே கரையில் கட்டி வைத்திருந்தார்கள். பின்னாளில் அந்த இடத்திலேதான் தேசியப் பாதுகாப்புக் கழகம் எழுந்தது. 1949 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். ஏரியில் பயின்றவன் கயிற்று வலையில் இறங்கவும் படகில் ஏறவும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஏரியில் வெள்ளம் ஏறாது, வற்றாது. பம்பாய்ப் பக்கத்துக் கடலோரத்திலும் பயிற்சி நடந்ததுண்டு. ஆனாலும் எந்தக் கரையில் இறங்கப் போகிறோமோ அந்தக் கரையின் குணத்தை வேறொரு கரை கற்றுக் கொடுக்காது.

அந்தப் பாடம் 1945 செப்டம்பர் 9-ஆம் நாள் வெட்டவெளிச்சமாயிற்று. மலாயாவை ஜப்பானியரிடமிருந்து மீட்க வகுத்த திட்டத்தின்படி, 23-வது, 25-வது இந்தியப் படைப்பிரிவுகள் சிலாங்கூரின் மோரிப் கரையிலும் போர்ட் டிக்ஸன் பக்கத்திலும் இறங்க வேண்டும். அதற்குள் ஜப்பான் சரணடைந்துவிட்டது. செப்டம்பர் 5-ஆம் நாள் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படையும் வந்துவிட்டது. ஆயினும் திட்டமிட்டபடியே இறங்கினார்கள். சுடுவதற்கு ஒருவனும் இல்லை. அப்படியிருந்தும் மோரிப் கரை அவர்களைத் தோற்கடித்தது! மேலே மெல்லிய மணல், அடியில் குழைந்த சேறு. லாரிகளும் ஜீப்புகளும் அச்சு வரை புதைந்தன. வெள்ளம் ஏறியதும் பல வண்டிகள் மூழ்கின. எதிர்ப்பு இருந்திருந்தால் பேரழிவாய் முடிந்திருக்கும் என்பதை எழுதியவர்கள் பலர். விமானப் படங்களும், இரவில் வந்து பார்த்தவர்களின் அறிக்கைகளும் சேர்ந்து தந்த படம் அந்தச் சேற்றைக் காட்டத் தவறிவிட்டது. அதே சிலாங்கூரின் தோட்டங்களில் நம் தமிழர் ஆயிரமாயிரமாய்ப் பாடுபட்டார்கள். அந்தக் கரையின் சேற்றில் அன்றாடம் கால் பதித்த மீனவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கேட்டிருந்தால்?

போர்க்காலத்தில் பகைவன் பிடியிலுள்ள மீனவனை எப்படிக் கேட்பது என்று ஒருவர் மடக்கலாம். நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1971-ஐப் பாருங்கள். அவ்வாண்டு டிசம்பர் நடுவில், வங்காளதேசப் போரின் கடைசி நாட்களில், நம் படையே காக்ஸ் பஜாருக்குத் தெற்கே இறங்க முயன்றது. "கரியால்", "குல்தார்" என்ற இறங்குகப்பல்கள் சென்றன. கரையின் சரிவு பற்றித் தெளிவான விவரம் கையில் இல்லை. கப்பல் தட்டிய மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆழமான பள்ளம் கிடந்தது. மூட்டை முடிச்சுடன் குதித்த கூர்க்கா வீரர்களில் சிலர் பகைவனைக் காணாமலே நீரில் மூழ்கி மாண்டார்கள். அந்தக் கரையின் மக்கள் நமக்குப் பகைவர்களா? நாம் யாருக்காகப் போரிட்டோமோ அவர்களல்லவா? மோரிப்புக்கு 26 ஆண்டுகள் கழித்தும் அதே பள்ளம், அதே பாடம்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: கரையின் படம் கரையில் வாழ்கிறவனிடமிருந்து தொடங்க வேண்டும், முடிந்த பிறகு அவன் கைக்கே திரும்பிப் போக வேண்டும். இரண்டும் நம் நாட்டில் நெடுங்காலம் நடக்கவில்லை.

நம் நில அளவைத் துறை 1767-ல் தோன்றியது, பழம்பெருமை உடையது. ஆனால் எல்லைகளையும் கடற்கரைகளையும் ஒட்டி ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிவான தேசப்படங்கள் பல்லாண்டுக் காலம் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. தமிழ்நாட்டைப் படத்தில் வைத்து 80 கிலோமீட்டரை அளந்து பாருங்கள்: சென்னை, கடலூர், நாகை, தஞ்சை, இராமநாதபுரம், தூத்துக்குடி, நெல்லை, குமரி என்று தமிழ் வாழ்வின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். 2005-ஆம் ஆண்டின் கொள்கை பாதுகாப்புக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2021 பிப்ரவரி 15-ஆம் நாள் வந்த விதிகளே, இந்தியர் எவரும் முன்அனுமதி இன்றிப் படம் ஆக்கலாம், வெளியிடலாம் என்று கதவைத் திறந்தன.

கதவைத் திறந்தால் பகைவன் நுழைவானே என்று அஞ்சுவோர் இன்னும் உண்டு. நாட்டுப் பற்றினால் எழும் அச்சம் அது; இகழத் தக்கதன்று. ஆனால் எண்ணிப் பார்க்க வேண்டும். வானில் சுழலும் செயற்கைக் கோள்கள் நம் கரையை நாள்தோறும் படம் எடுக்கின்றன. பகைவனிடம் இருக்கும் படம் நம் குப்பத்துப் பிள்ளைகளிடம் மட்டும் இல்லாதிருந்தால் யாருக்குக் காவல்? 2008 நவம்பர் 26-ஆம் நாள் இரவு மும்பையில் ரப்பர் படகில் வந்து இறங்கிய கொலைகாரர்களைக் கண்டு, "யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று ஐயுற்றுக் கேட்டவர்கள் மீனவர் குடியிருப்பைச் சேர்ந்தவர்களே. பூட்டிய அலமாரியில் இருந்த படம் கேட்கவில்லை. கரையை அறிந்த மக்களே கரைக்குக் காவல்.

இனி அந்தச் சூத்திரத்துக்கு வருகிறேன். 4,000 மீட்டர் ஆழமுள்ள நடுக்கடலில் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: அலையின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். 10 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் மணிக்கு 36 கிலோமீட்டர்தான். வேகம் குறையக் குறைய உயரம் ஏறும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் நம் கரைக்கு வந்தது இந்தச் சூத்திரமே! நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் வாரிக்கொண்டு போயிற்று. அலை எங்கே அதிகம் ஏறும், எந்தத் தெருவழியாக உள்ளே புகும், எந்த மேடு தப்பும் என்பதைச் சொல்லக்கூடியது, படை இறங்குவதற்கு வேண்டிய அதே படம்தான்: கடலடிச் சரிவு, மணல்மேட்டின் உயரம், ஆற்று முகத்தின் அகலம். தேசப்படத்தில் 10 மீட்டருக்கு ஒன்று, 20 மீட்டருக்கு ஒன்று என்றுதான் உயரக் கோடுகள் போடுகிறார்கள். நாகைக் கரையின் குப்பங்களோ முதற் கோட்டுக்கும் கீழே கிடக்கின்றன. அந்தப் படத்தின்படி அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை; உயிர் தப்ப ஓடுவதற்குத் திசையும் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் 2007-ல் வந்தது. நல்லது. எச்சரிக்கை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதற்குக் குப்பத்துக்குக் குப்பம் படம் வேண்டாமா?

படத்தில் இல்லாதது சட்டத்திலும் இல்லாமற் போகிறது என்பது இன்னொரு தீமை. கடற்கரை மேலாண்மைக்கு அரசாங்கம் ஆக்கும் படங்களில் தங்கள் குடியிருப்பும், படகு நிறுத்தும் இடமும், வலை உலர்த்தும் இடமும் விடுபட்டிருப்பதாகத் தமிழ்நாட்டு மீனவர்கள் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள். வெற்று மணல் என்று படம் சொன்னால், அங்கே நாளைக்கு மாளிகை எழும். சென்னைக் கரையில் மீனவ இளைஞர்கள் சிலர் தாமே கருவியை ஏந்தித் தம் கரையைப் படமாக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறேன்.

அவர்களிடம் இருக்கும் அறிவு சாமானியமானதன்று. கோயில் கோபுரத்தையும் தென்னையையும், மலைமுகட்டையும் மாதாகோயிலையும் நேர்க்கோட்டில் பிடித்து, கடலுக்குள் ஒரு பாரின் இடத்தைத் தவறாமல் கண்டுபிடிக்கிறார்கள். நில அளவையார் முக்கோணம் போட்டுச் செய்யும் வேலை இதுவேதான். காற்றுக்குப் பெயர் உண்டு: வாடை, சோழகம், கச்சான், கொண்டல். நீரோட்டத்துக்குப் பெயர் உண்டு. நாம் ஆங்கிலப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதும் விஷயத்துக்கு நம் கரையில் தமிழ்ச் சொல் தயாராக இருக்கிறது. கேட்டு எழுதத்தான் ஆளில்லை.

நண்பர்களே, அந்த ஆளாக நாம் ஏன் இருக்கக் கூடாது? அயலூரில் படிக்கும் நாம் விடுமுறைக்கு ஊர் போகிறோம். நம்மில் பலருக்குக் கடலோரத்தில் ஊரோ உறவோ உண்டு. கரையின் சரிவை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. 1961-ல் எமரி என்ற கடலியல் அறிஞர் காட்டிய வழி இருக்கிறது: ஒரே உயரமுள்ள இரண்டு கழிகள், அளவு குறித்த ஒரு கயிறு. கடற்பக்கக் கழியின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக் கோடு கரைப்பக்கக் கழியை உச்சியிலிருந்து எவ்வளவு கீழே வெட்டுகிறதோ, அவ்வளவு இறக்கம். கயிற்றளவு கயிற்றளவாக நகர்ந்து நீர்விளிம்பு வரை இதைச் செய்தால் கரையின் குறுக்குவெட்டு கைக்கு வந்துவிடும். மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று அளந்தால் கடல் எவ்வளவு தின்றது, எவ்வளவு திருப்பிக் கொடுத்தது என்று தெரியும். ஆறுமாதக் குழந்தையின் எடையைக் குறித்து வைப்பதைப் போல் கரையின் நிலையைக் குறித்து வைக்கலாம்.

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. படை இறங்கப் பழகிய அதே கடக்வாஸ்லாவில், 1916-ல் தோன்றிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. துறைமுகங்களையும் கரைகளையும் சிறு மாதிரியாகக் கட்டி, அதில் அலை எழுப்பி ஆராயும் இடம் அது. அறிஞர்களை நம் சங்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். நாம் அளந்து வந்ததைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

சங்கத்துக்கு என் யோசனை மூன்று. முதலாவது, வரும் கோடை விடுமுறையில் கடலோர ஊர்க்கார மாணவர்கள் ஆளுக்கு ஒரு கரையை எடுத்துக்கொண்டு அளந்து வர வேண்டும். இரண்டாவது, அந்தந்தக் குப்பத்துப் பெரியவர்களிடம் காற்று, நீரோட்டம், பார், பள்ளம் இவற்றின் பெயர்களைக் கேட்டு அவர்கள் சொன்னபடியே எழுதி வர வேண்டும். மூன்றாவது, இவற்றைத் தமிழில் படமாக வரைந்து, முதற் பிரதியை இந்த இதழுக்கு அல்ல, அந்தக் குப்பத்தின் ஊர்ப் பொது மண்டபத்துக்கு அனுப்ப வேண்டும். சுவரில் தொங்கட்டும். பிழை இருந்தால் கரையில் வாழ்கிறவர்கள் சொல்வார்கள், திருத்துவோம்.

ஒரு கரையைப் பிடிப்பதற்காக உலகம் கோடி கோடியாகச் செலவழித்து, உயிரைப் பணயம் வைத்து மண் எடுத்துப் படம் வரைந்தது. ஒரு கரையைக் காப்பதற்கு நாம் இரண்டு கழியும் ஒரு கயிறும் எடுக்கத் தயங்கலாமா? பெயர் கொடுக்க விரும்பும் தோழர்கள் சங்கச் செயலாளரிடம் இம்மாத முடிவுக்குள் கொடுக்கலாம். என் பெயரை முதலில் எழுதிவிட்டேன்.